மாத்திரை போட்டும் சுகர் இறங்கவில்லை என்றால்: எங்கே தவறுகிறது என்று கண்டுபிடிக்கும் முறை

மாத்திரை வேளை தவறாமல் உள்ளே போகிறது. இனிப்பைத் தொட்டு மாதக்கணக்காகிறது. நடக்கவும் செய்கிறீர்கள். ஆனாலும் சுகர் 200-ஐ விட்டு இறங்க மறுக்கிறது. இரண்டாம் வகை சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த நிலை அடிக்கடி வரும். வந்ததும் பலர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுகிறார்கள். இரவுச் சாப்பாட்டை நிறுத்துகிறார்கள், நடையை இரட்டிப்பாக்குகிறார்கள், யாரோ சொன்ன பொடியைக் கரைத்துக் குடிக்கிறார்கள். சில நாளில் உடம்பு சோர்ந்துவிடும். சுகர் குறைந்திருந்தாலும் எதனால் குறைந்தது என்று தெரியாது.

முதலில் தெரிய வேண்டியது, ஒரு நாளில் சுகர் எந்த நேரத்தில் ஏறுகிறது என்பது. காலையில் எழும்போதே உயர்ந்திருப்பதற்கும் சாப்பிட்ட பிறகு மட்டும் உயர்வதற்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. நேரம் பிடிபட்டால் பாதிக் காரணம் பிடிபட்டுவிடும்.

எந்த அளவுக்குள் இருக்க வேண்டும்

கர்ப்பிணிகள் தவிர்த்த பெரும்பாலான பெரியவர்களுக்குப் பொதுவான இலக்கு: வெறும் வயிற்றில் 80 முதல் 130 மி.கி., சாப்பிடத் தொடங்கி ஒன்று, இரண்டு மணி நேரத்துக்குள் வரும் உச்சம் 180-க்குக் கீழே, மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7 சதவீதத்துக்குக் கீழே. சுகர் எண்கள் எல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் உள்ள மில்லிகிராம் கணக்கு. உங்கள் கருவி மில்லிமோலில் காட்டினால் அந்த எண்களை 18-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். வயது முதிர்ந்தவர்கள், அடிக்கடி சுகர் தாழ்ந்து மயங்குபவர்கள், இதயம் அல்லது சிறுநீரகம் பலவீனமானவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் 8 சதவீதம் வரை விட்டுப்பிடிப்பார். அது அலட்சியம் இல்லை. அவர்களுக்கு சுகர் ஏறுவதைவிடத் தாழ்வதுதான் பெரிய ஆபத்து.

ஹெச்பிஏ1சி 7 என்றால் சராசரி சுகர் சுமார் 154. 8 என்றால் 183, 9 என்றால் 212, 10 என்றால் 240. வீட்டில் அளந்த எண்களின் சராசரியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டு எண்கள் 130-க்குள்ளேயே இருக்க, ஹெச்பிஏ1சி 9 வந்தால், பெரும்பாலும் நீங்கள் காலையில் மட்டும் அளக்கிறீர்கள், சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றம் கண்ணில் படவே இல்லை என்று பொருள். இன்னொரு காரணமும் உண்டு. சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழும் என்ற கணக்கில்தான் இந்த டெஸ்ட் நிற்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் எண் பொய்யாக ஏறலாம். ரத்தம் ஏற்றியிருந்தாலோ, அண்மையில் நிறைய ரத்தம் போயிருந்தாலோ, டயாலிசிஸ் செய்துகொண்டாலோ பொய்யாகக் குறையலாம். இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, வீட்டு எண்களையே அதிகம் நம்புங்கள்.

முதலில் கருவியைச் சோதியுங்கள்

குளுக்கோமீட்டர் துல்லியத்துக்கு 2013-ல் வந்த ஐஎஸ்ஓ 15197 என்ற சர்வதேசத் தரம் கேட்பது இவ்வளவுதான்: 100 அல்லது அதற்கு மேல் இருக்கும்போது 95 சதவீத அளவீடுகள் ஆய்வக எண்ணிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். உண்மையான சுகர் 200 என்றால் நல்ல கருவியே 170 என்றும் காட்டலாம், 230 என்றும் காட்டலாம். நேற்று 172, இன்று 188 என்று கலங்குவதில் பயனில்லை. அந்த வித்தியாசத்துக்குப் பொருளே இல்லாமல் இருக்கலாம். பல நாள் எண்கள் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் கவனிக்க வேண்டும்.

அளக்கும்போது நடக்கும் தவறுகளில் முதலிடம் கைக்கு. பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால், தோலில் ஒட்டியிருக்கும் சர்க்கரை துளியில் கலந்து, எண் நூறு புள்ளிக்கு மேல்கூட ஏறிவிடும். சானிடைசர் அந்தச் சர்க்கரையை நம்பகமாக அகற்றாது. சோப்பும் தண்ணீரும் வேண்டும். ஈரம் போகத் துடைக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் துளி நீர்த்து எண் குறையும். கழுவ வழியே இல்லாத இடத்தில் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியில் அளக்கலாம். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ரத்தம் வராவிட்டால் விரலைப் பிதுக்காதீர்கள். கையைக் கீழே தொங்கவிட்டு, வெதுவெதுப்பான நீரில் கழுவினால் தானாக வரும்.

ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியை எடுத்த உடனே மூட வேண்டும். ஈரக்காற்று பட்ட ஸ்ட்ரிப் எந்த எண்ணையும் காட்டும். சமையல் அடுப்பின் பக்கம், குளியலறை, வெயிலில் நிற்கும் வண்டி ஆகிய மூன்று இடங்களிலும் வைக்கக் கூடாது. காலாவதி தேதி பாருங்கள். அடுத்த முறை ஆய்வகத்தில் ரத்தம் கொடுக்கும்போது, வெறும் வயிற்றிலேயே, அதே ஐந்து நிமிடத்துக்குள் உங்கள் கருவியிலும் ஒரு முறை அளந்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

மூன்று நாள் பதிவு

வழக்கமான மூன்று நாட்களைத் தேர்ந்தெடுங்கள். விசேஷ நாளும் வேண்டாம், பத்தியமாகச் சாப்பிடும் நாளும் வேண்டாம். ஒவ்வொரு நாளும் ஏழு முறை: மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் முன்பு, முதல் கவளத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து, பிறகு படுக்கும் முன்பு. சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து கணக்குப் போடக் கூடாது. ஸ்ட்ரிப் குறைவாக இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு வேளை என்று எடுத்துக்கொண்டு, முன்னும் பின்னும் மட்டும் அளக்கலாம். தனியாக ஒரு எண்ணைவிட இந்த ஜோடி எண் பல மடங்கு பயன் தரும்.

எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று விவரம் எழுதுங்கள்: என்ன, எவ்வளவு சாப்பிட்டீர்கள்; மருந்து எத்தனை மணிக்கு; நடை, தூக்கமின்மை, காய்ச்சல் போல ஏதாவது இருந்ததா. மாத்திரை போட மறந்திருந்தால் அதையும் எழுதுங்கள். மறந்ததை மறைத்தால் மருத்துவர் டோஸைக் கூட்டுவார். கூட்டிய டோஸை நீங்கள் ஒழுங்காகப் போடும் நாளில் சுகர் ஒரேயடியாகத் தாழ்ந்துவிடும்.

எண்களைப் படிக்கும் விதம் எளிது. சாப்பாட்டுக்கு முன் 120, பின் 230 என்றால் பிரச்சினை அந்தத் தட்டில் இருக்கிறது. முன்பே 190, பின்பு 220 என்றால் சாப்பாடு 30 புள்ளிதான் ஏற்றியிருக்கிறது. அடிப்படை மட்டமே உயரமாக இருக்கிறது. அங்கே சாப்பாட்டை இன்னும் குறைப்பது உடம்பை வருத்துவதாகும், தீர்வு பெரும்பாலும் மருந்தில் இருக்கும். ஒரு நாள் 90, மறுநாள் அதே நேரத்தில் 260 என்று தாறுமாறாக வந்தால் ஊசி போடும் இடம், தவறிய டோஸ், இரவில் தாழ்ந்து ஏறுவது என்று தேட வேண்டும்.

காலையில் மட்டும் ஏறுகிறதென்றால்

"ராத்திரி ஒன்றுமே சாப்பிடவில்லையே, காலையில் எப்படி 180?" என்று கேட்காதவர் குறைவு. அந்தச் சர்க்கரை சாப்பாட்டிலிருந்து வரவில்லை, கல்லீரலிலிருந்து வருகிறது. விடியற்காலையில் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் ஆகியவை சுரந்து, எழுந்து வேலை செய்யத் தேவையான சர்க்கரையை வெளியே விடச் சொல்கின்றன. மற்றவர்களுக்கு இன்சுலின் அதை அடக்கிவிடும். இரண்டாம் வகை நோயில், குறிப்பாகக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருந்தால், இன்சுலினின் அந்தக் கட்டளை கல்லீரலுக்குச் சரியாக எட்டுவதில்லை. பட்டினி கிடந்தாலும் அது நிற்காது.

இரண்டு மூன்று இரவுகள் படுக்கும்போது, அதிகாலை 3 மணிக்கு, எழுந்தவுடன் என்று மூன்று முறை அளந்து பாருங்கள். படுக்கும்போதே 200-க்கு மேல் இருந்து காலையிலும் அப்படியே இருந்தால் பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டின் அளவும் நேரமும்தான் காரணம். படுக்கும்போதும் 3 மணிக்கும் சரியாக இருந்து, காலையில் மட்டும் ஏறினால் அது விடியற்கால ஏற்றம். இரவுச் சாப்பாட்டை இரண்டு மணி நேரம் முன்னுக்குத் தள்ளி, மாவுச்சத்தைக் குறைத்து, பிறகு கொஞ்சம் நடந்தால் சிலருக்குக் குறையும். குறையாவிட்டால் மருந்து மாற்றம் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். 3 மணிக்கு 70-க்குக் கீழே இருந்தால் அதை அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவு இன்சுலினோ மாத்திரையோ கூடிப்போயிருக்கிறது. அந்த நிலையில் காலை எண்ணை மட்டும் பார்த்து டோஸைக் கூட்டுவது மிக ஆபத்தான தவறு.

சாப்பிட்ட பின் ஏறினால்

சர்க்கரையை ஏற்றுவது முதன்மையாக மாவுச்சத்தின் மொத்த அளவு. உலர்ந்த தானியம் எதை எடுத்தாலும் 100 கிராமில் சுமார் 60 முதல் 80 கிராம் மாவுச்சத்து இருக்கும். ஒரு தானியத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறி, "இது சுகருக்கு நல்லது" என்ற தைரியத்தில் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டால் கிடைத்த சிறு லாபமும் போய்விடும். நார்ச்சத்துள்ள முழுத்தானியம் ஏற்றத்தைக் கொஞ்சம் மெதுவாக்கும், அளவுக்கு மாற்றாகாது. கூழாகவும் கஞ்சியாகவும் கரைத்ததும், மாவாக நன்றாக அரைத்ததும் முழுமணியாக வேகவைத்ததைவிட வேகமாக ஏற்றும். பழச்சாறு பழத்தைவிட வேகமாக ஏற்றும்.

ஒரு வாரம் மட்டும் சமையலறைத் தராசைப் பயன்படுத்துங்கள். வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் அளவை நிறுத்துப் பார்த்தால் பலருக்குத் தாங்கள் நினைத்ததைவிட அதிகமாக இருப்பது தெரியும். பிறகு 9 அங்குலத் தட்டில் பாதிக்கு மாவுச்சத்து குறைந்த காய்கறி, கால் பங்குக்குப் பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதம், கால் பங்குக்கு மட்டும் தானியம் என்று வையுங்கள். கிழங்கைக் காய்கறிப் பங்கில் சேர்க்காதீர்கள், அது தானியத்தின் கால் பங்குக்குள் வர வேண்டும்.

சாப்பிடும் வரிசையும் முக்கியம். காய்கறியும் புரதமும் முதலில், தானியம் கடைசியில். அதே தட்டை இந்த வரிசையில் சாப்பிட்டாலே உச்சம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எதையும் விட்டுக்கொடுக்காமல் கிடைக்கும் பலன் என்பதால் முதலில் முயன்று பார்க்கத் தகுந்தது இதுதான்.

அடுத்தது நடை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 30 நிமிடம் ஒரே மூச்சில் நடந்ததைவிட, ஒவ்வொரு முக்கியச் சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகர் சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். தசை வளர்க்கும் பயிற்சி வாரம் இரண்டு மூன்று நாள் சேர்ந்தால் பலன் கூடும். பயிற்சியின் விளைவு ஒன்றிரண்டு நாளில் தேய்ந்துவிடுவதால் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். மூச்சு வாங்கும் கடும்பயிற்சி செய்த உடனே சுகர் கொஞ்சம் ஏறினால் பயப்பட வேண்டாம், அது தற்காலிகம்.

மாத்திரைகளில் கவனிக்க வேண்டியது

மெட்பார்மினைச் சாப்பாட்டோடு போட வேண்டும். வயிற்றுப்போக்கு, குமட்டல் என்று பாதியில் நிறுத்தியவர்கள் ஏராளம். மெதுவாக டோஸ் ஏற்றுவதும், நீடித்து வெளியாகும் வகைக்கு மாறுவதும் பெரும்பாலோருக்கு இதைத் தீர்க்கும். மருத்துவரிடம் கேளுங்கள். அந்த நீடித்த வகையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. மலத்தில் மாத்திரையின் ஓடு தெரிந்தால் மருந்து வீணாகவில்லை, வெறும் கூடுதான் வருகிறது. பல வருடமாக மெட்பார்மின் எடுப்பவர்கள் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கால் மரத்துப்போவதை எல்லாம் சுகர் தலையில் கட்டிவிட முடியாது.

கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபிசைடு போன்றவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. சாப்பாட்டைத் தள்ளிப்போட்டாலும் சுகர் தாழும். உணவைக் கணிசமாகக் குறைக்கப் போகிறீர்கள் என்றால் இந்த மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அதற்கு முன்பே டோஸ் பற்றிப் பேசிவிட வேண்டும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், சுத்தமும் தண்ணீரும் அவசியம். வாந்தி, பட்டினி, அறுவைச் சிகிச்சை நாட்களில் இவற்றை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். சுகர் பெரிதாக ஏறாமலே ரத்தம் அமிலமாகும் ஆபத்து இவற்றில் உண்டு. பியோகிளிட்டசோனுக்கு முழுப்பலன் தெரிய வாரக்கணக்காகும். இரண்டு வாரத்தில் கைவிட்டுவிடக் கூடாது.

இன்சுலின் போட்டும் இறங்கவில்லை என்றால் தொப்பையைத் தடவிப் பாருங்கள்

இன்சுலினில் பெரும்பாலான குழப்பம் டோஸில் இல்லை, போடும் விதத்தில் இருக்கிறது. ஊசி போடும் இடத்தை விரல் நுனியால் அழுத்தி, மெதுவாக வட்டமாகத் தடவுங்கள். சுற்றியுள்ள தோலைவிடக் கெட்டியாக, ரப்பர் போல, கொஞ்சம் மேடாக ஒரு திட்டு தட்டுப்படுகிறதா? ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தியதால் அங்கே கொழுப்பு வளர்ந்திருக்கிறது. அங்கே குத்தினால் வலிக்காது, அதனால்தான் கை தானாக அங்கேயே போகும். ஆனால் அந்தத் திட்டிலிருந்து இன்சுலின் ஒரு நாள் தாமதமாகவும் குறைவாகவும், மறுநாள் வேறு வேகத்திலும் ரத்தத்தில் கலக்கும். தாறுமாறான எண்களுக்கு இது முக்கியக் காரணம்.

திட்டுகளைப் பேனாவால் வட்டமிட்டு, மாதக்கணக்கில் அங்கே தொடாதீர்கள். நல்ல தோலுக்கு மாறும்போது அதே டோஸ் பலமாக வேலை செய்யும். அதனால் மாறுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லி, டோஸைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு வயிற்றை நான்கு கட்டமாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு கட்டம், ஒவ்வொரு குத்தலுக்கும் ஒரு விரல் அகலம் தள்ளி என்று சுற்றி வாருங்கள். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டுவிடுங்கள்.

இன்சுலின் பேனாவில் ஒவ்வொரு முறையும் புது ஊசி மாட்டி, முதலில் 2 யூனிட்டைக் காற்றில் அழுத்தி, நுனியில் துளி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அடைப்பு, அல்லது உள்ளே காற்று. குத்தி, பொத்தானை முழுதும் அழுத்திய பின் பத்து எண்ணும் வரை ஊசியை வெளியே எடுக்காதீர்கள். உடனே எடுத்தால் டோஸின் ஒரு பகுதி வெளியே கசியும். பால் போல் கலங்கலாக இருக்கும் இன்சுலினைக் குலுக்காமல், உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். தெளிவாக இருக்க வேண்டியது கலங்கியிருந்தால் எறிந்துவிடுங்கள். பாட்டிலில் 40 யூனிட் என்று இருந்தால் 40-க்கான சிரிஞ்சு, 100 என்று இருந்தால் 100-க்கான சிரிஞ்சு. மாற்றிப் போட்டால் டோஸ் இரண்டரை மடங்கு கூடவோ குறையவோ செய்யும். திறக்காததை 2 முதல் 8 டிகிரிக்குள் ஃபிரிட்ஜில், ஃப்ரீசரைத் தொடாமல் வையுங்கள். உறைந்து உருகிய இன்சுலின் பார்க்க நன்றாக இருந்தாலும் பயனற்றது. திறந்தவை பெரும்பாலும் அறை வெப்பத்தில் 28 நாள் தாங்கும், வகைக்கு வகை மாறும் என்பதால் மருந்தோடு வரும் காகிதத்தில் போட்டிருப்பதைப் பாருங்கள். திறந்த தேதியைப் பேனாவின் மேலேயே எழுதிவையுங்கள்.

தாழ்ந்துபோனால்

70-க்குக் கீழே வந்தால், நடுக்கம், வியர்வை, படபடப்பு இருந்தால் 15 கிராம் வேகமான சர்க்கரை: குளுக்கோஸ் பொடி அல்லது சர்க்கரை மூன்று தேக்கரண்டி, அல்லது அரை கோப்பை பழச்சாறு. 15 நிமிடம் கழித்து அளந்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை. சாக்லேட் வேண்டாம், அதன் கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். அகார்போஸ் அல்லது வாக்லிபோஸ் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை சரிவர வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அவசர உதவியை அழையுங்கள்.

நீண்ட நாள் 250-லேயே இருந்தவருக்கு 110-க்கு வரும்போதே கை நடுங்கலாம். உடம்பு உயரத்துக்குப் பழகிவிட்டதால் வரும் உணர்வு அது. அளந்து பார்த்து, உண்மையில் தாழவில்லை என்றால் இனிப்பைத் தின்று திரும்ப ஏற்றிக்கொள்ளாதீர்கள். சில வாரத்தில் சரியாகும்.

வெளியில் தெரியாத காரணங்கள்

ஈறு வீக்கம், சிறுநீர்த் தொற்று, ஆறாத கால் புண் இவை சத்தமில்லாமல் சுகரை ஏற்றும். மூச்சிரைப்புக்கோ மூட்டுவலிக்கோ எடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில் போட்டால் பிற்பகலிலும் மாலையிலும் எகிறும். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசிகூடச் சில நாள் ஏற்றிவைக்கும். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கமும் ஒரு காரணம். இதை உடன் உறங்குபவர்தான் சொல்ல முடியும். மது வேறு திசையில் கெடுதல் செய்யும்: கல்லீரல் சர்க்கரை தயாரிப்பதைத் தடுத்து, இன்சுலினோ தூண்டும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு மறுநாள் வரைகூட சுகரைத் தாழ்த்தும்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஏறினால்

இதை யாரும் உங்களிடம் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்: இந்த நோயில் இன்சுலின் சுரக்கும் செல்கள் வருடத்துக்கு வருடம் குறைகின்றன. பிரிட்டனில் நடந்து 1998-ல் வெளியான யூகேபிடிஎஸ் என்ற பெரிய ஆய்வில், சிகிச்சை எடுத்தவர்களுக்கும் ஹெச்பிஏ1சி வருடங்கள் போகப் போக ஏறிக்கொண்டே வந்தது. ஐந்து வருடத்துக்கு முன் போதுமாக இருந்த மாத்திரை இன்று போதாமல் போவது உங்கள் தோல்வி இல்லை. இன்னொரு மருந்து சேர்ப்பதையும், இன்சுலின் தொடங்குவதையும் தண்டனையாக எண்ணித் தள்ளிப்போடும் மாதங்களில்தான் கண்ணும் சிறுநீரகமும் கெடுகின்றன.

நோய் வந்து சில வருடங்களே ஆகி, எடை அதிகமாக இருப்பவர்களுக்கு வேறு ஒரு வழியும் இருக்கிறது. 2017-ல் வெளியான டைரெக்ட் ஆய்வில், மருத்துவக் கண்காணிப்பில் கடுமையான குறைந்த கலோரி உணவுமுறைக்கு மாறியவர்களில் 46 சதவீதம் பேர் ஒரு வருடத்தில் மருந்தே இல்லாமல் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் நிலைக்கு வந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் அது 86 சதவீதம். தனியாக முயல வேண்டாம்.

எடை குறைக்க எதுவும் செய்யாமலே எடை இறங்கிக்கொண்டு சுகரும் ஏறினால், அது முதல் வகையைச் சேர்ந்த மெதுவாக வரும் நோயாகவோ கணையக் கோளாறாகவோ இருக்கலாம். உடம்பு எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைடு, முதல் வகையா என்று கண்டறிய உதவும் ஜிஏடி ஆன்டிபாடி டெஸ்ட் தேவையா என்று கேளுங்கள். 300-க்கு மேல் இறங்காமல் நின்று, கூடவே வாந்தி, வேகமான மூச்சு, குழப்பம், அளவுமீறிய தாகம் இருந்தால் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். காய்ச்சல் நாட்களில் சாப்பாடு இறங்காவிட்டாலும் இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை அளந்து, தண்ணீர் குடித்து, டோஸ் பற்றி மருத்துவரைக் கேளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது மூன்று நாள் பதிவு, மாத்திரை அட்டைகள், இன்சுலின் பேனா எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். ஊசி போடும் இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட நாள் 10-க்கு மேல் இருந்த ஹெச்பிஏ1சி-ஐ வேகமாக இறக்கப் போகிறார்கள் என்றால், அதற்கு முன் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். திடீர் இறக்கத்தில் ஏற்கெனவே உள்ள விழித்திரைப் பாதிப்பு சிலருக்குக் கூடும். மருந்து மாறிய பிறகு வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாளாவது ஜோடியாக அளந்து வாருங்கள். ஹெச்பிஏ1சி-ஐ மூன்று மாதம் கழித்தே எடுங்கள், அதற்கு முன் எடுத்தால் பழைய மருந்தின் கணக்கும் அதில் கலந்திருக்கும்.